நீர் காத்த அய்யனாரும் தாய்ப்பலகையும்

சிறுகதையின் வடிவம், நவீன கவிதையின் இருண்மை, மொழிபெயர்ப்பின் அரசியல் ஆகியவற்றை விவாதிக்கக் கூடுகிற வாசகர்களிடம், அடுக்குச் சட்டகத்தில் பொருத்தப்பட்ட ஒரு வழங்கியின் தாய்ப்பலகையைக் கழற்றி மாற்றுவது பற்றிப் பேச முற்படுவது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். அது வன்பொருள் பொறியாளர்களின் வேலை, இலக்கியத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தமிழ் இலக்கியத்தின் அச்சிட்ட நினைவில் கணிசமான பகுதி இன்று இத்தகைய வழங்கிகளின் தட்டுகளில்தான் உறங்குகிறது. அவற்றில் ஒன்று பழுதாகும்போது அதைத் திறக்கத் தெரிந்த கை இருக்கிறதா, மாற்றுவதற்கு உதிரிப்பாகம் இருக்கிறதா, அதற்கான பணம் எவரிடம் இருக்கிறது என்னும் வினாக்களும் இலக்கிய வினாக்களே என்பது எங்கள் தரப்பு.

இந்த வினாவை அணுக எங்களுக்கு ஓர் இடம் துணைசெய்கிறது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆற்றை ஒட்டி அமைந்திருக்கும் அய்யனார் கோவில். ‘நீர் காத்த அய்யனார்’ என்பது அங்குள்ள தெய்வத்தின் பெயர். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட வனத்தை ஒட்டிய பகுதி அது. மலையிலிருந்து இறங்கும் அய்யனார் ஆற்றின் நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கப்பட்டு ராஜபாளையம் நகருக்குக் குடிநீராகிறது. அந்த நகரம் குடிக்கும் நீரின் தலைவாயிலில், காப்பதையே தன் பெயராகக் கொண்ட ஒரு தெய்வம் நிற்கிறது.

தென்மாவட்டங்களில் அய்யனார் பெரும்பாலும் கண்மாய்க் கரையில்தான் குடியிருக்கிறார். இது தற்செயலன்று. நீரைக் கொடுப்பது மழை. அந்த நீரைத் தக்கவைப்பது கரையும் மடையும் கலிங்கும். தூர்ந்துபோகிற வரத்துக்கால், அரித்துப்போகிற கரை, இற்றுப்போகிற மடைப்பலகை என ஆண்டுதோறும் பழுதாகிக்கொண்டே இருக்கும் ஓர் அமைப்பு அது. ஆகவே ஆண்டுதோறும் மராமத்தும் நடந்தாக வேண்டும். ஊரார் கூடிச் செய்த அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். காலனி ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தபோது, 1858இல் சென்னை மாகாணத்தில் அதைக் கட்டாய உழைப்பாக்கி ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஊர்ப் பொறுப்பாக இருந்ததைச் சட்டத்தின் மிரட்டலால் மீட்டுவிட முடியவில்லை என்பது பின்னர் வந்த கண்மாய்களின் வரலாறு. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தை மீண்டும் தொடங்கியது என்பதும் இங்கே நினைவுகொள்ளத் தக்கது.

தமிழின் மின்சேகரங்களும் கண்மாய்கள்தாம் என்கிறோம் நாங்கள். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசானில் வசித்த கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கியது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகமாயிற்று. ஈழத்து எழுத்துகளைத் திரட்டும் நூலகம் 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த நினைவு அத்தகைய முயற்சிகளுக்குப் பின்னால் நிற்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரம் அவர் மறைவுக்குப் பிறகு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாகி, நுண்படச் சுருள்களிலிருந்து மின்வடிவத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. இவற்றுக்கு அப்பால், நிறுவனம் என்று எதுவுமற்ற சிறு குழுக்கள், தனி ஆர்வலர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆகியோர் வருடிச் சேமித்த சிற்றிதழ்த் தொகுதிகள் எத்தனையோ. இவை ஒவ்வொன்றும் எங்கோ ஓர் அறையில், ஓர் உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது.

அந்தப் பெட்டியைச் சற்றே நெருங்கிப் பார்ப்போம். பத்தொன்பது அங்குல அகலச் சட்டகத்தில், 1.75 அங்குல உயரத்தை ஓர் அலகாகக் கொண்டு, மேசை இழுப்பறைபோல் தண்டவாளங்களில் செருகப்பட்டிருப்பது வழங்கி. அதனுள்ளே செயலி, நினைவகம், வன்தட்டுகள், மின்வழங்கி, விசிறிகள் அனைத்தையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் பச்சைநிறப் பலகையே மதர்போர்டு என்கிற தாய்ப்பலகை. நூல்கள் அதில் இல்லை. நூல்கள் வன்தட்டுகளில் உள்ளன. ஆனால் பலகை செத்தால் நூல்களை அடையும் வழி அடைபடுகிறது. மடை உடைந்த கண்மாயில் நீர் இருந்தும் வயலுக்குப் பாயாததுபோல.

தாய்ப்பலகைகள் ஏன் சாகின்றன? பெரும்பாலும் வெப்பத்தினால். பலகையிலுள்ள மின்பகுளி மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை பத்து பாகை உயரும்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுவியலாரின் கைக்கணக்கு. 2000களின் முற்பகுதியில் தரமற்ற மின்பகுளி நிரப்பிய மின்தேக்கிகள் உலகெங்கும் உப்பி வெடித்து எண்ணற்ற பலகைகளைச் சாகடித்ததும் உண்டு. விருதுநகர் மாவட்டத்துக் கோடையில், குளிரூட்டி நின்றுபோன அறையில், விசிறிகளில் தூசி அடைத்துக்கொண்ட ஒரு வழங்கியின் நிலையை ஊகிக்கப் பெரிய பொறியியல் அறிவு தேவையில்லை. பஞ்சாலை நகரமான ராஜபாளையத்துக்குப் பஞ்சுத் தூசி ஓர் இயந்திரத்தை என்ன செய்யும் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதுமில்லை.

மாற்றும் முறைக்கு வருவோம். முதல் வேலை திருப்புளியை எடுப்பதன்று, பிரதி எடுப்பது. இயந்திரம் இன்னும் மூச்சுவிடுகிறதென்றால் தரவு முழுவதையும் வேறிடத்துக்குப் பிரதி செய்துகொள்ள வேண்டும். அப்பிரதியைத் திறந்து படித்தும் பார்த்துவிட வேண்டும். அடுத்தது குறிப்பெடுப்பு: பயாஸ் அமைப்புகள், தொடரெண், வலையமைப்பு அட்டைகளின் மேக் முகவரிகள், எந்தத் தட்டு எந்தக் குழியில் இருந்தது, எந்த நினைவகக் குச்சி எந்தத் துளையில் இருந்தது, எந்த வடம் எங்கே சென்றது. அதன்பிறகே இயந்திரத்தை முறையாக அணைத்து, மின்வடங்களைப் பிடுங்குவது. இரண்டு மின்வழங்கிகள் உள்ள வழங்கியில் ஒன்றை மட்டும் பிடுங்குவதில் பயனில்லை. இரண்டையும் பிடுங்க வேண்டும். நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். நம் விரலால் உணர முடியாத மின்பொறிகூட ஒரு சில்லைக் கொன்றுவிடும்.

மேல்மூடி, காற்றை வழிநடத்தும் நெகிழி உறை, விசிறிகள், விரிவாக்க அட்டைகள், நினைவகக் குச்சிகள், ஹீட்சிங்க் எனும் வெப்பக்கடத்தி, செயலி என வரிசையாகக் கழற்றிக் கடைசியில்தான் பலகைக்கு வருகிறோம். மிகுந்த நிதானம் தேவைப்படும் கணம் செயலியை இடம் மாற்றுவது. இன்றைய வழங்கிகளில் ஊசிகள் செயலியில் இல்லை, பலகையின் குழியில் இருக்கின்றன; எல்.ஜி.ஏ. 3647 எனும் வகையில் அப்பெயர் சொல்வதுபோலவே 3647 ஊசிகள். அவற்றில் ஒன்று வளைந்தாலும் புதுப்பலகை வந்த அன்றே பழம்பலகையாகிவிடும். பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசி, கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் யாவற்றையும் பொருத்தினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, அடையாளம் பற்றியது. வன்தட்டுகளைக் கோத்து ஒன்றாகக் காட்டும் ரெய்டு கட்டுப்படுத்தி பழைய பலகையிலேயே இருந்திருந்தால், புதிய பலகை அந்தத் தட்டுகளை அந்நியமாகக் கருதும். அவற்றின் அமைப்பைப் பொறுமையாக உள்வாங்கச் செய்ய வேண்டும். அவசரத்தில் புதிதாக அமைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் சேகரம் போயிற்று. மேக் முகவரி மாறிவிட்டதால் வலையமைப்பு இயந்திரத்தை அடையாளம் காணாமல் போகலாம்; சில மென்பொருள்களின் உரிமம் செல்லாததாகலாம். தட்டுகள் மறைகுறியாக்கப்பட்டு, அதன் சாவி பழைய பலகையின் டிபிஎம் எனும் பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டிருந்தால், மீட்புச் சாவியைத் தனியே எழுதிவைத்தவர் மட்டுமே பிழைப்பார். அதே தட்டுகள், அதே செயலி, அதே நினைவகம். எனினும் இது அதே இயந்திரமா என்னும் வினா இங்கே தத்துவ வினாவாக அன்றி நடைமுறைச் சிக்கலாக எழுகிறது.

நம் மரபு இவ்வினாவை அறியாததன்று. கோவில் திருப்பணியின்போது மூலவரின் ஆற்றலை வேறோர் உருவுக்கோ கலசத்துக்கோ மாற்றி, வேலை முடியும்வரை பாலாலயத்தில் வைத்துப் பூசிப்பார்கள். திருப்பணி நிறைவுற்றதும் அதை மீண்டும் கருவறையில் எழுந்தருளச் செய்வார்கள். சைவத் தலங்களில் அது குடமுழுக்கு, திருவில்லிபுத்தூர் போன்ற வைணவத் தலங்களில் சம்ப்ரோட்சணம். கல்லைத் தொடும் முன் உள்ளிருப்பதை வேறிடத்தில் நிலைநிறுத்து என்பதே அதன் சாரம். ஜப்பானில் இசே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்த நிலத்தில் முற்றிலும் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். அங்கே பழைய மரம் நீடிப்பதில்லை. அதைக் கட்டத் தெரிந்த தச்சரின் கைத்திறன் தலைமுறைதோறும் நீடிக்கிறது. பழுதுபார்ப்பது பண்பாட்டுச் செயலாக இருந்த இடங்கள் இவை.

அந்தச் செயலில் பாதி மட்டும் மறந்துபோனால் என்னவாகும் என்பதற்கு ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையிலேயே ஒரு சான்று இருக்கிறது. சுவடி தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனதைத் தமிழ் வாசகர்கள் பலரும் அறிவார்கள். அங்கே கோவிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அவரிடம் சொன்னார்கள். சாத்திரம் அப்படிச் செய்யச் சொல்கிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். ஐயர் அதைப் பதிவுசெய்த விதத்தில் நுட்பமான ஒரு புள்ளி உண்டு. நைந்த ஏட்டைத் தீயிலிடுவது பழைய வழக்கம்தான். ஆனால் புதிய ஏட்டில் பிரதி செய்துகொண்ட பிறகே இடுவது அவ்வழக்கம். பின்வந்தவர்கள் பிரதி செய்வதை மறந்துவிட்டுத் தீயிலிடுவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

இந்த நிகழ்வைப் படிக்கும்போது அறியாமையை நொந்துகொண்டு கடந்துபோவது நமக்கு எளிது. ஆனால் நாம் வேறென்ன செய்கிறோம்? 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது இலவச இடத்தை நம்பிக் கட்டப்பட்ட பக்கங்கள் ஒரே நாளில் எட்டாமல் போயின. யாகூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டு, 2020 டிசம்பரில் அச்சேவையே முடிவுக்கு வந்தது. இணையத் தமிழின் முதல் பத்தாண்டுகளில் நிகழ்ந்த இலக்கிய விவாதங்கள் கணிசமாக அங்கேதான் நடந்தன. தென்கொரியாவின் தேஜான் நகரில், 2025 செப்டம்பர் 26 அன்று அரசுத் தரவு மையமொன்றில் மின்கலன் தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் ஆவணங்களைக் கொண்டிருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அதற்கு வெளியிடத்தில் பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டிலும் கரிவலம்வந்தநல்லூர் நிகழ்கிறது.

இந்த இடத்தில் எங்களிடம் வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி ஒன்றுண்டு. சொந்தமாக வழங்கி எதற்கு, மேகக் கணிமையில் வாடகைக்கு இடம் எடுத்துவிட்டால் தாய்ப்பலகைத் தொல்லையே இல்லையே என்பது அது. தொல்லை நம் கண்ணிலிருந்து மறைகிறது என்பது மட்டுமே உண்மை. மேகத்துக்குக் கீழேயும் சட்டகங்கள் உண்டு. அங்கும் எவரோ ஒருவர் நள்ளிரவில் பலகை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் நம்மைவிடத் திறமையானவர் என்பதையும், அவரிடம் உதிரிப்பாகங்கள் குவிந்துள்ளன என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வாடகை நின்ற மாதத்தோடு சேகரமும் நின்றுவிடும். சேகரத்தை உருவாக்கியவர் காலமாகி, அவருடைய கடனட்டை காலாவதியாகும் நாளில் என்ன நடக்கும் என்பதைச் சிற்றிதழ் மரபில் வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். ஒரே பிரதி அங்கே இருக்கக்கூடாது என்பதுதான் நாங்கள் சொல்வது.

வேறொரு மறுமொழி இன்னும் வலுவானது. பழைய வழங்கியைப் பழுதுபார்க்கும் செலவில் புதியதே வாங்கிவிடலாமே என்பது. பல வேளைகளில் அது சரியே. பத்தாண்டு பழையதாகி, மின்சாரத்தை விழுங்கிக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதும் நின்றுபோன இயந்திரத்தின்மேல் பற்றுவைக்க வேண்டியதில்லை; பிரதி பத்திரமாக இருந்தால் பழைய ஏட்டை அனுப்பிவிடலாம். ஆனால் நான்காம் ஆண்டிலேயே பலகை போய், தட்டும் செயலியும் நினைவகமும் நலமாக இருக்கையில், அந்த மாதிரிக்குரிய பலகை கிடைக்காத ஒரே காரணத்தால் முழு இயந்திரத்தையும் குப்பைக்கு அனுப்ப நேர்வது வேறு விஷயம். அங்கே முடிவை எடுப்பவர் உரிமையாளர் அல்லர், விற்றவர்.

இதனை ஐரோப்பிய ஒன்றியம் உணர்ந்திருக்கிறது. வழங்கிகளுக்கென அது 2019இல் வகுத்து 2020 மார்ச் முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, தாய்ப்பலகை, நினைவகம், செயலி, வன்தட்டு, மின்வழங்கி முதலானவற்றைக் கழற்ற முடியாதபடி ஒட்டவோ முத்திரையிடவோ கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களை, அந்த மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது எட்டு ஆண்டுகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து நுகர்வோர் நலத்துறை 2022இல் குழு அமைத்து, அவ்வாண்டு இறுதியில் ஓர் இணையவாயிலையும் திறந்தது. அது சட்டமாகிப் பல்லும் நகமும் பெற வேண்டுமென்று கேட்கும் குரல்களில் நூலகங்களின் குரலும் இலக்கிய அமைப்புகளின் குரலும் சேர வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் நம் கையிலேயே இருக்கின்றன. மின்சேகரம் நடத்தும் எந்தக் குழுவும் வழங்கி வாங்கும் அன்றே அதே மாதிரித் தாய்ப்பலகை ஒன்றையும் வாங்கி, நிலைமின் காப்புறையோடு பெட்டகத்தில் வைத்துவிடலாம். மாற்று உறுப்பைக் கிடங்கில் வைக்காமல் எந்த ஆலையும் தறியையோ நூற்பு இயந்திரத்தையோ ஓட்டுவதில்லை. ராஜபாளையத்தின் ஃபிட்டர்கள் அறிந்த இந்த எளிய உண்மையை இலக்கியக் குழுக்களும் அறியலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றாவது வேற்றூரில் என்னும் விதியைக் கடைப்பிடிக்கலாம். ரெய்டு இருக்கிறது, ஆகவே பிரதி வேண்டாம் என்னும் மயக்கத்தைக் கைவிடலாம். ஒரு தட்டு பழுதானால் அது காக்கும், தவறான கட்டளையிலிருந்தோ தீயிலிருந்தோ காக்காது. இயந்திரத்தின் அமைப்பு, சாவிகள் இருக்குமிடம், பிரித்துச் சேர்க்கும் வரிசை ஆகியவற்றைத் தாளில், தமிழில், அடுத்து வருபவர் புரிந்துகொள்ளும்படி எழுதிவைக்கலாம்.

எழுத்துக்குறியேற்றமும் இதே மராமத்தின் பகுதிதான். மதுரைத் திட்டத்தின் நூல்கள் மயிலை எழுத்துருவிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் மாற்றப்பட்டதால்தான் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எவரோ அமர்ந்து சரிபார்த்தார்கள். அவ்வாறு மாற்றப்படாமல், தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டுக் குறுந்தகடுகளில் தங்கிவிட்ட படைப்புகள் இருந்தும் இல்லாதவையே.

இவை அனைத்துக்கும் பணம் வேண்டும். இதைச் சொல்வதில்தான் நம் சூழலுக்குத் தயக்கம் அதிகம். ஓர் அரிய இதழ்த்தொகுதியை வருடி ஏற்றுவதற்கு நிதி கேட்டால் கிடைக்கிறது. வெளியீட்டு விழாவுக்கும் கிடைக்கிறது. ஏற்றிய பிறகு ஏழு ஆண்டுகள் அதை உயிரோடு வைத்திருக்க நிதி கேட்டால் மௌனம். ஒரு நூலின் முன்னுரையில் அச்சகத்தாருக்கும் பிழைதிருத்தியவருக்கும் நன்றி சொல்லும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. விடுமுறை நாளில் வந்து, மூச்சடக்கிச் செயலியைத் தூக்கி வைத்து, மாலைக்குள் ஐயாயிரம் நூல்களை மீண்டும் படிக்கவைத்த தொழில்நுட்பரின் பெயர் எந்தச் சேகரத்தின் பக்கத்திலும் எங்கள் கண்ணில் பட்டதில்லை. கண்மாய் காத்த ஊர்களில் மடை திறந்து மூடி நீரைப் பங்கிட்ட நீர்ப்பாய்ச்சிக்கு விளைச்சலில் பங்கு இருந்தது. அவருடைய வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. ஆயினும் களத்துமேட்டில் அவருக்கு அளந்து கொடுத்த நெல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. நீங்கள் பயன்படுத்தும் மின்னூலகம் எதுவாயினும் அதற்கு இந்த ஆண்டு ஒரு சிறு தொகை அனுப்புங்கள். அனுப்பும்போது ‘மராமத்துக்கு’ என்று குறிப்பிடுங்கள். கூடவே இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: உங்கள் இரண்டாவது பிரதி எந்த ஊரில் இருக்கிறது, கடைசியாக அதைத் திறந்து பார்த்தது எப்போது? விடை உடனே வந்தால் மகிழுங்கள். தாமதமாக வந்தால், கேட்டதன் பயன் அன்றே தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.